மும்முனை மின்சாரமும் நான்காவது கம்பியும்

புனே நகருக்கு மேற்கே, மும்பையையும் பெங்களூரையும் இணைக்கும் நெடுஞ்சாலையை அடுத்து, முல்ஷி வட்டத்தில் அமைந்துள்ளது ஹிஞ்சேவாடி. வேளாண்மையை நம்பி வாழ்ந்த இச்சிற்றூரின் தோற்றம், 1990களின் பிற்பகுதியில் தொடங்கி, மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் அங்கு நிறுவிய தகவல் தொழில்நுட்பப் பூங்காவினால் முற்றிலும் மாறிவிட்டது. வயல் இருந்த இடத்தில் அலுவலகங்கள் எழுந்தன. எஞ்சிய நிலத்தில் உழவர் குடும்பத்தினர் இரண்டு மாடி, மூன்று மாடி எனக் கட்டி, வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தோருக்கு அறை அறையாக வாடகைக்கு விட்டனர். அவர்களுள் தமிழ்நாட்டு இளைஞர்களும் பலர்.

இத்தகைய வீடு ஒன்றை எண்ணிப் பார்ப்போம். கட்டிய காலத்தில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு விளக்கும் ஒரு விசிறியும் போதுமாயிருந்தன. பின்னர் குளியலறைதோறும் வெந்நீர்க் கலம் வந்தது. குளிர்சாதனப் பெட்டி வந்தது. ஆழ்துளைக் கிணற்றில் பம்பு இறங்கியது. இப்பொழுது வாயிலில் மின்சாரக் கார் நிற்கின்றது. ஒருமுனை மின்சாரத்தில் வேலை செய்யும் பெரிய வகைக் கார் மின்னூட்டி 32 ஆம்பியர் வரை இழுக்கும். அஃதாவது ஏறத்தாழ 7.4 கிலோவாட்டு. மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2005இல் வகுத்த விதிகளின்படி ஒருமுனை இணைப்புக்கு எல்லை 40 ஆம்பியர். கார் ஒருபுறம் மின்னூட்டம் பெறும்போது 2 கிலோவாட்டு வெந்நீர்க் கலம் ஒன்றைப் போட்டாலே எல்லை கடந்துவிடுகின்றது. தமிழ்நாட்டிலோ எல்லை இன்னும் குறுகியது. 2004ஆம் ஆண்டுப் பகிர்மான விதித்தொகுப்பு, ஒருமுனை இணைப்பை 4 கிலோவாட்டு அளவில் நிறுத்தியது.

ஆகவே வீட்டுக்காரர் மும்முனை இணைப்புக்கு மனுச் செய்கின்றார். மூன்று மடங்கு மின்சாரம் வரப்போகின்றது என்று எண்ணி மகிழ்கின்றார். அவ்வெண்ணம் ஓரளவே சரி. வரப்போவது ஒரே மின்சாரத்தின் மூன்று மடங்கு அன்று. வெவ்வேறு நேரத்தில் எழுந்து விழும் மூன்று மின்னோட்டங்கள். அவற்றுடன் நான்காவது கம்பி ஒன்றும் வருகின்றது. அதனை எவரும் பொருட்படுத்துவதில்லை. வீட்டின் நலமோ பெரிதும் அதனைப் பொறுத்தது.

‘முனை’ என்னும் சொல் வழக்கில் ஊன்றிவிட்டது. அதனை இனி மாற்றுதல் இயலாது. எனினும் அது பொருளைச் சற்று மறைக்கின்றது. மூன்று முனை என்றதும் மூன்று கம்பிகள் மட்டுமே மனத்தில் தோன்றுகின்றன. ‘கட்டம்’ என்று சொன்னால் விளக்கம் எளிது. நம் நாட்டு மின்னோட்டம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகின்றது. ஒரு முழு அலைவை 360 பாகையாகக் கொண்டால், முதற் கம்பியின் அலை உச்சத்தை அடைந்து 120 பாகை சென்றபின் இரண்டாவது கம்பியின் அலை உச்சத்தை அடையும். மேலும் 120 பாகை சென்றபின் மூன்றாவது. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வயர்மன்கள் அழைப்பவை இம்மூன்றுமே. ஒவ்வொரு கம்பிக்கும் நடுநிலைக் கம்பியாகிய நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரு கட்டக் கம்பிகளுக்கிடையே 400 வோல்ட். 230ஐ இரண்டால் பெருக்கினால் 460 ஆகவேண்டும் அன்றோ என மாணவர் வினவுவர். இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தை அடையாமையால், பெருக்கவேண்டிய எண் இரண்டு அன்று. மூன்றின் வர்க்கமூலமாகிய 1.732 ஆகும்.

இதனை வகுப்பில் காட்டுதற்கு மின்சாரம் வேண்டுவதில்லை. மின்சாரத்தைக் கொண்டு காட்ட முயலவும் கூடாது. ஓர் இரும்பு வளையமும் மூன்று கயிறுகளும் போதும். மைதானத்தில் ஒரு முளையை அடித்து வளையத்தை அதன்மேல் மாட்டுக. மூன்று மாணவரைச் சம தூரத்தில் முக்கோணத்தின் மூலைகளில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு கயிற்றை இழுக்கச் செய்க. மூவரும் சமமாக இழுத்தால் முளைக்கு வேலையே இல்லை; அதனைப் பிடுங்கிவிட்டாலும் வளையம் அசையாது. நியூட்ரல் கம்பியின் நிலையும் அதுவே. மூன்று கட்டங்களிலும் சமமான மின்சுமை இருக்குமாயின், அதில் மின்னோட்டமே இராது. இப்பொழுது ஒருவனைத் தளரவிட்டு முளையைப் பிடுங்குக. வளையம் வலுவாக இழுப்போரை நோக்கி நகரும். தளர்ந்தவனிடமிருந்து விலகிச் செல்லும். இக்காட்சியை மாணவர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும், பின்னர் பயன்படும்.

மும்முனையால் விளையும் ஆதாயத்தைக் கணக்கிட்டே காட்டலாம். வீட்டின் மின்சுமை 9 கிலோவாட்டு என்று கொள்வோம். ஒருமுனையில் இதற்கு ஏறத்தாழ 39 ஆம்பியர் வேண்டும். அது போகும் கம்பியிலும் திரும்பும் கம்பியிலும் பாயும். அதே சுமையை மூன்று கட்டங்களுக்குச் சமமாகப் பிரித்தால் ஒவ்வொரு கம்பியிலும் 13 ஆம்பியரே. திரும்பும் கம்பியில் ஒன்றுமில்லை. கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், அதே கனமுள்ள கம்பிகளில் வீணாவது ஆறில் ஒரு பங்காகக் குறைகின்றது. கம்பத்திலிருந்து வீடு தொலைவில் இருப்பின், வழியில் ஏற்படும் வோல்ட் இறக்கமும் ஆறில் ஒரு பங்கே. மாலையில் விளக்கு மங்குகின்றது என்று முறையிடும் கடைக்கோடி வீட்டாருக்கு இது பெரிய நன்மை.

நீண்ட தொலைவுக்கு மின்சாரத்தைச் செலுத்தத் தலைப்பட்டோர் இம்முறையைக் கைக்கொண்டதும் இச்சிக்கனத்தால்தான். 1891இல் ஜெர்மனியில் நெக்கர் ஆற்றங்கரையிலுள்ள லாஃபனிலிருந்து 175 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிராங்க்பர்ட் கண்காட்சிக்கு மும்முனை மின்சாரம் அனுப்பப்பட்டது. பதினோர் ஆண்டுகள் கழித்து, 1902இல், காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து கோலார்த் தங்கச் சுரங்கத்துக்கு ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு மும்முனை மின்சாரம் சென்றது. அக்காலத்தில் அதன் அலைவெண் விநாடிக்கு 25. சுரங்கத்தின் அடியில் உழைத்தோருள் பெரும்பாலோர் தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்றவர்கள் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

ஹிஞ்சேவாடி அமைந்துள்ள முல்ஷி வட்டத்துக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்கு உண்டு, அது கசப்பானது. டாட்டா நிறுவனத்தார் மூலா ஆற்றில் அணை கட்ட முற்பட்டபோது, நிலம் இழக்கவிருந்த உழவர்கள் 1921இல் சத்தியாக்கிரகம் தொடங்கினர். அதற்குத் தலைமை தாங்கிய பாண்டுரங்க மகாதேவ பாபட், ‘சேனாபதி’ என்னும் பெயரைப் பெற்றது அப்போராட்டத்தினால்தான். போராட்டம் தோற்றது, அணை எழுந்தது. முல்ஷி ஏரியின் நீர், மலைக்கு மேற்கே கொங்கணத்திலுள்ள பீராவில் விழுந்து, 1927 முதல் மின்சாரமாகிப் பம்பாய் நகருக்குச் சென்றது. அதே வட்டத்தில் இன்று வீட்டு வாயில்தோறும் மும்முனை மின்சாரம் கேட்கின்றார்கள். ஒரு நூற்றாண்டுக்குள் ஏற்பட்ட மாற்றம் இது.

மீண்டும் மாடிவீட்டிற்கு வருவோம். மும்முனை மீட்டர் பொருத்தப்பட்டுவிட்டது. இனி வீட்டினுள் சுமையைப் பிரிக்கவேண்டும். பெரும்பாலான வயர்மன்கள் செய்வது யாதெனின், தரைத்தளத்திற்குச் சிவப்பு, முதல் மாடிக்கு மஞ்சள், இரண்டாம் மாடிக்கு நீலம் என்று தளத்திற்கொன்றாகக் கொடுத்துவிடுவது. இது எளிது, பார்வைக்கு நியாயமாகவும் தோன்றும். ஆனால் சுமை தளத்தைப் பார்த்து வருவதில்லை. நேரத்தைப் பார்த்து வருகின்றது. காலை வேளையில் வாடகை அறைகளில் எல்லாரும் ஒருங்கே குளிக்கப் புகுவர். தரைத்தளத்தில் ஒரு விசிறி மட்டும் சுழன்றுகொண்டிருக்கும். ஒரு கட்டத்தில் 20 ஆம்பியர், மற்றொன்றில் 10, மூன்றாவதில் ஒன்றுமில்லை என்றால், நியூட்ரலில் 17 ஆம்பியருக்கு மேல் பாயும். அந்நிலையில் மும்முனையின் ஆதாயத்தில் பெரும் பகுதி போய்விடுகின்றது. தளத்தைப் பாராமல், ஒரே வேளையில் வேலை செய்யும் கருவிகளை மூன்று கட்டங்களுக்கும் பங்கிடுவதே முறை. மூன்று வெந்நீர்க் கலங்கள் இருப்பின் கட்டத்துக்கு ஒன்று. காரின் மின்னூட்டி மும்முனை வகையாக இருப்பின் நன்று. 11 கிலோவாட்டு மும்முனை மின்னூட்டி ஒவ்வொரு கட்டத்திலும் 16 ஆம்பியரே எடுக்கும். எனினும் ஒரே அறைக்குள் கைக்கெட்டும் தொலைவில் இரண்டு கட்டங்களின் பிளக்குகளை வைத்தல் ஆகாது. அவற்றுக்கிடையே 400 வோல்ட் உள்ளதென்பதை அறியாத ஒருவர் என்றேனும் இரண்டையும் தொடக்கூடும்.

கணிப்பொறி நிறைந்த ஊர்களுக்கு மற்றுமொரு சிக்கல் உண்டு. கணிப்பொறி, எல்.இ.டி. விளக்கு போன்ற கருவிகள் மின்னோட்டத்தைச் சீராக இழுப்பதில்லை. அலையின் உச்சியில் மட்டும் வெடுக்கென இழுக்கின்றன. அதனால் விநாடிக்கு 150 முறை அலையும் கிளை மின்னோட்டம் ஒன்று உண்டாகின்றது. கட்டங்களுக்கிடையே உள்ள 120 பாகை, மும்மடங்கு வேகமுள்ள இவ்வலைக்கு 360 பாகையாகிவிடும்; அஃதாவது மூன்றும் ஒரே தாளத்தில் சேர்ந்துவிடும். ஆகவே இவை ஒன்றையொன்று ஒழிக்காமல் நியூட்ரலில் கூடிச் சேர்கின்றன. சுமை முற்றிலும் இத்தகையதாயின், நியூட்ரலின் ஓட்டம் கட்டக் கம்பியின் ஓட்டத்தையும் மிஞ்சலாம். மூன்று முழுக் கம்பியும் பாதிக் கனத்தில் ஒரு நியூட்ரலும் உள்ள ‘மூன்றரைக் கோர்’ கேபிளை அலுவலகக் கட்டடங்களில் இழுத்துச் சிக்கனம் செய்வோர், மலிவானது பிற்பாடு விலையுயர்ந்ததாக முடியக் காண்பர்.

இனி முளையைப் பிடுங்கும் நிலைக்கு வருவோம். வீட்டுக்கு வரும் நியூட்ரல் கம்பி எங்கேனும் அறுந்துவிட்டது அல்லது இணைப்பில் தளர்ந்துவிட்டது எனக் கொள்க. ஒருமுனை வீட்டில் இவ்வாறு நேர்ந்தால் எல்லாம் அணைந்துவிடும், கருவிகளுக்குக் கேடில்லை. (ஆயினும் கட்டக் கம்பி உயிருடன் இருக்கும், தொடலாகாது.) மும்முனை வீட்டில் அவ்வாறன்று. சிவப்பில் 2,000 வாட்டு வெந்நீர்க் கலமும், மஞ்சளில் 100 வாட்டு அளவுள்ள ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் மட்டும் ஓடுகின்றன என்போம். நியூட்ரல் போனபின், இவ்விரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக இரு கட்டங்களுக்கிடையே உள்ள 400 வோல்ட்டின் குறுக்கே கோக்கப்பட்டவை ஆகின்றன. வெந்நீர்க் கலத்தின் தடை ஏறத்தாழ 26 ஓம். 100 வாட்டுக் கருவியின் தடை 529 ஓம் எனக் கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம். 400 வோல்ட் இத்தடைகளின் விகிதத்தில் பிரியும். வெந்நீர்க் கலத்திற்கு 19 வோல்ட். தொலைக்காட்சிக்கு 381 வோல்ட். கலத்தில் நீர் சுடாது; தொலைக்காட்சி எரிந்துபோகும். வலுவாக இழுப்பவனை நோக்கி வளையம் நகர்ந்து, தளர்ந்தவனிடமிருந்து விலகியதே இங்கு நிகழ்ந்தது.

ஒரே கணத்தில் ஒரு கட்டடத்தின் குளிர்பெட்டிகளும் கணிப்பொறிகளும் ஒருங்கே கெடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ‘ஹை வோல்டேஜ் வந்துவிட்டது’ என்று மக்கள் மின்நிலையத்தைக் குறை கூறுவர். மின்நிலையத்தில் ஒன்றும் ஏறவில்லை. கம்பத்தடியிலோ மீட்டர்ப் பலகையிலோ ஒரு திருகாணி தளர்ந்திருக்கும். அலுமினியக் கம்பியைச் செம்பு முனையில் நேரடியாகக் கோத்தல், முறுக்கி மட்டும் விட்ட இணைப்பு, மழைநீர் புகுந்த பெட்டி ஆகிய இவையே வழக்கமான காரணங்கள். மேற்கு மலைத்தொடரை ஒட்டிய முல்ஷிப் பகுதியில் பருவமழை கடுமையாகையால் கடைசிக் காரணத்தைச் சிறிதென்று எண்ணுதல் ஆகாது.

நியூட்ரல் திடீரென அறுவதற்கு முன் பெரும்பாலும் எச்சரிக்கை செய்யும். வெந்நீர்க் கலத்தைப் போட்டவுடன் ஓர் அறையில் விளக்கு மங்கி, மற்றோர் அறையில் விளக்கு வழக்கத்தினும் பளிச்சென்று எரியுமாயின், அது தளர்ந்த நியூட்ரலின் அடையாளம். எல்லா விளக்குகளும் ஒருங்கே மங்குதல் வேறு. ஒன்று ஏறி ஒன்று இறங்குதல் வேறு. இவ்வேறுபாட்டைக் களப்பணியாளர் மக்களுக்குக் கற்பித்தல் வேண்டும். அடையாளம் கண்டவுடன் செய்யவேண்டியது மெயின் சுவிட்சை நிறுத்துவதும், மின் அலுவலகத்துக்குத் தெரிவிப்பதுமே. மகாராஷ்டிரத்தில் அது மகாவிதரண் எனப்படும் பகிர்மான நிறுவனம். 2005இல் மாநில மின் வாரியம் பிரிக்கப்பட்டபோது தோன்றியது.

சிலர் அறுந்த நியூட்ரலுக்கு மாற்றாக நிலத்தொடர்புக் கம்பியை இணைத்துக்கொள்கின்றனர். விளக்கு எரிந்துவிடும், ஆகவே செய்தவர் தம் திறமையை மெச்சிக்கொள்வார். அதன்பின் வீட்டிலுள்ள குளிர்பெட்டி, பம்பு, வெந்நீர்க் கலம் ஆகியவற்றின் உலோக உடல்களில் மின்னழுத்தம் ஏறி நிற்கும். ஈரக் கையால் தொட்டவர் உயிரிழக்கலாம். இது குற்றம் மட்டுமன்று, கொலைக்கு ஒப்பானது.

நிலத்தொடர்பு தன் வேலையைச் செய்வதற்கே தக்காணத்தில் இடையூறு உண்டு. கரிய எரிமலைப் பாறையின்மேல் மண் பல இடங்களில் மெல்லியதாகவே உள்ளது. குழாயை ஆழ இறக்க இயலாது. கோடையில் மண் காய்ந்து தடை ஏறும். நிலத்தொடர்பின் தடை 5 ஓம் எனில், கருவியின் உடலில் கட்டக் கம்பி பட்டுவிட்டபோதும் 46 ஆம்பியருக்கு மேல் பாயாது. 32 ஆம்பியர் முறிப்பான் இதற்கு உடனே விழாது. பல நிமிடங்கள் பொறுத்திருக்கும். அந்நிமிடங்களில் ஒரு குழந்தை பம்பைத் தொடக்கூடும். அதனாலேயே 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலும் கணத்தில் துண்டிக்கும் கசிவு முறிப்பானை நான்கு முனை வகையில் பொருத்துதல் இன்றியமையாதது. ஆயினும் கசிவு முறிப்பான் நியூட்ரல் அறுதலால் ஏறும் வோல்ட்டைத் தடுக்காது. அதற்கு வோல்ட் ஏற்றத்தைக் கண்டு துண்டிக்கும் தனிக் கருவி உண்டு. இரண்டும் வேண்டும். நியூட்ரலில் மட்டும் பியூஸோ தனிச் சுவிட்சோ வைக்கலாகாது. துண்டிப்பதாயின் நான்கு கம்பிகளும் ஒருங்கே துண்டிக்கப்படவேண்டும். கம்பி அமைப்புக்கு ஐ.எஸ். 732, நிலத்தொடர்புக்கு ஐ.எஸ். 3043 ஆகிய இந்தியத் தர நூல்கள் வழிகாட்டுகின்றன.

பம்பு வைத்திருப்போருக்கு மும்முனையால் தனி நன்மை ஒன்று உண்டு. ஒருமுனை மின்சாரத்தின் ஆற்றல் விநாடிக்கு 100 முறை ஒன்றுமில்லாமல் ஓய்கின்றது. மும்முனையில் ஒன்று ஓயும்போது மற்றவை தாங்குவதால் ஆற்றல் இடையறாது வருகின்றது. மேலும் மூன்று கட்டங்களும் சேர்ந்து மோட்டாரினுள் சுழலும் காந்தப்புலத்தைத் தாமே உண்டாக்குவதால், தொடங்குதற்குக் கண்டன்சர் வேண்டுவதில்லை. கவனிக்கவேண்டியவை இரண்டு. இரு கம்பிகள் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். நீர்மூழ்கிப் பம்பில் இதைக் கண்ணால் காண இயலாது, நீர் குறைவதைக் கொண்டே அறியலாம். கம்பத்தில் வேலை நடந்தபின் நீர் குறைந்தால் முதலில் ஐயுறவேண்டியது இதனையே. மற்றொன்று, ஓடும்போது ஒரு கட்டம் மட்டும் போய்விட்டால் மோட்டார் நிற்காமல் முனகிக்கொண்டே ஓடி, சுருள் கருகிவிடும். இதனைத் தடுக்கும் கருவி மோட்டாரை மறுசுருள் சுற்றும் கூலியை நோக்க அற்பச் செலவே.

மும்முனை எல்லாருக்கும் வேண்டியதன்று. இரண்டு விசிறியும் ஒரு குளிர்பெட்டியும் உள்ள வீட்டார், அண்டை வீட்டாரைக் கண்டு மாற்றிக்கொண்டால் மாதந்தோறும் வீண் செலவே காண்பர். மகாராஷ்டிரத்தில் மும்முனை வீட்டிணைப்பின் நிலைக்கட்டணம் ஒருமுனையினதைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதி. மின்சாரச் செலவும் குறையாது. 2 கிலோவாட்டுக் கலம் ஒரு மணி நேரம் ஓடினால் எம்முனையிலும் 2 யூனிட்டே. சுமை மெய்யாகவே 40 ஆம்பியரை நெருங்கும் வீடுகள், மும்முனைக் கருவி உள்ள வீடுகள் ஆகியவற்றுக்கே இது தகும். மனுவுடன் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரின் சோதனை அறிக்கை இணைக்கப்படும். அவ்வறிக்கையைக் கையெழுத்துக்கான தாளாகக் கருதாது, கம்பிகளின் காப்புத் தடையையும் நிலத்தொடர்புத் தடையையும் அளந்தே நிரப்புமாறு வீட்டுக்காரர் உடனிருந்து கேட்டுப் பெறவேண்டும்.

இணைப்புக் கிடைத்த வாரத்தில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கும், இரவு ஒன்பது மணிக்கும் டாங் டெஸ்டரைக் கொண்டு நான்கு கம்பிகளையும் அளக்கச் சொல்லுதல் நன்று. மூன்றில் ஒன்று மற்ற இரண்டைவிட மிகவும் மிஞ்சுமாயின் சில கருவிகளைக் கட்டம் மாற்றவேண்டும். நியூட்ரலின் அளவையும் தனியே குறித்துக்கொள்க. வெப்பத்தால் விரிந்தும் சுருங்கியும் திருகாணிகள் தளர்வது இயல்பாகையால், ஆண்டுக்கொரு முறை, மழைக்காலத்துக்கு முன், மெயினை நிறுத்திவிட்டு வயர்மனைக் கொண்டு அவற்றை இறுக்கச் செய்க. நியூட்ரலில் தொடங்குமாறு அவரிடம் சொல்லுக.